வளையத்தைத் திறந்த காரம்

பண்டார் பாரு தோட்டங்கள்: வரலாற்றுத் தொடர்

கிரியான் வட்டாரத்தில் கரும்பு பின்வாங்கி ரப்பர் முன்னேறிய காலத்தைச் சென்ற பகுதியில் பார்த்தோம். 1909 ஜூலையில் கெடா சயாமின் மேலாண்மையிலிருந்து பிரிட்டனின் கைக்கு மாறியது. அதையொட்டிய ஆண்டுகளில் மாநிலத்தின் தென்கோடியான பண்டார் பாருவிலும் காடு அழிந்து பால்மரம் நிரை பிடித்தது. செர்டாங் வட்டாரத்தில் புந்தார், சோம் போன்ற தோட்டங்களின் பெயர்கள் இன்றும் தமிழ்ப்பள்ளிகளின் பெயரில் நிற்கின்றன. இதுவரை நிலம், கூலி, கங்காணி, லயம் என்ற வரிசையில் வந்த நாம் இந்தப் பகுதியில் பாலைப் பதப்படுத்தும் ஸ்டோருக்குள் நுழைகிறோம். தோட்ட வரலாறு எழுதியவர்கள் பெரும்பாலும் ஸ்டோர் வாசலோடு நின்றுவிட்டார்கள். வேதியியல் வரலாறு எழுதியவர்கள் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்துத் தொழிற்சாலையிலிருந்துதான் தொடங்கினார்கள். இடையில் கிடந்தது ஒரு தொட்டி, அதில் உறைந்துகொண்டிருந்த பால். அந்தத் தொட்டியில் நடந்ததைக் கணக்கில் எடுக்காமல், ரப்பருக்கான கரிம வினையூக்கிகள் எப்படி உருவாயின என்பதை முழுமையாகச் சொல்ல முடியாது என்பதே இந்தப் பகுதியின் வாதம்.

முதலில் சிக்கல் என்னவென்று பார்த்துவிடுவோம். பச்சை ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். 1839இல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் அதைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் இந்தக் குறை தீரும் என்று கண்டார். இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக் 1843இல் அதே முறைக்குக் காப்புரிமை கேட்டார். வல்கனைசேஷன் என்று பெயர் பெற்ற இந்த முறையில், ரப்பரின் நீண்ட மூலக்கூறு இழைகளைக் கந்தகம் ஒன்றோடொன்று பிணைக்கிறது. ஆனால் கந்தகம் அதற்குத் தயாராக இருப்பதில்லை. மஞ்சள் கந்தகத்தின் ஒவ்வொரு மூலக்கூறும் எட்டு அணுக்கள் கைகோத்த மூடிய வளையம். வளையம் மூடியிருக்கும்வரை அதற்குப் பிணைக்க முனை இல்லை. கந்தகத்தை மட்டும் சூடாக்கினால், ஏறக்குறைய 160 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதுதான் வளையங்கள் பெருமளவில் உடைந்து சங்கிலிகளாகும். ரப்பரை அந்தச் சூட்டில் நெடுநேரம் வைத்தால் ரப்பரே கெட்டுவிடும். அதனால் 140 டிகிரியில் வைத்து, 100 பங்கு ரப்பருக்கு 8 பங்கு கந்தகம் போட்டு, சுமார் 5 மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. துத்தநாக ஆக்ஸைடு சேர்த்தபோது அது 3 மணி நேரமாகக் குறைந்தது. அதற்குமேல் குறைக்க, வளையத்தைத் திறக்கும் ஆள் ஒருவர் தேவைப்பட்டார்.

அந்த ஆள் காரத்தன்மையுள்ள பொருள் என்பது முதலில் அனுபவத்தால் தெரிந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொழிற்சாலைகள் ஈய ஆக்ஸைடு, சுண்ணாம்பு, மக்னீசியா ஆகியவற்றை ரப்பரில் கலந்து நேரத்தைக் குறைத்தன. இவை எல்லாம் காரங்கள். ஆக்ரனில் டயமண்ட் ரப்பர் கம்பெனியில் பணியாற்றிய ஜார்ஜ் ஓன்ஸ்லேகர், கனிமக் காரம் செய்வதைக் கரிமக் காரமும் செய்யலாமே என்று 1906இல் முயன்றார். அனிலின் வேலை செய்தது. அது நச்சு என்பதால், அனிலினையும் கார்பன் டைசல்பைடையும் சேர்த்து உண்டாக்கிய தயோகார்பனிலைடு பயனுக்கு வந்தது. கம்பெனி இதை வெளியே சொல்லவில்லை. இதுவே கரிம முடுக்கிகளின், அதாவது வல்கனைசேஷனை விரைவாக்கும் கரிமப் பொருள்களின், பிறப்பு என்று பாடநூல்கள் எழுதும். அனிலின் போன்ற அமின்களின் நைட்ரஜனில் ஒரு சோடி எலெக்ட்ரான் பிணைப்பில்லாமல் நிற்கிறது. அமின் அதைக் கொண்டு கந்தக வளையத்தைத் தாக்கும். வளையம் ஓரிடத்தில் அறுந்து, முனையில் நைட்ரஜனைச் சுமந்த கந்தகச் சங்கிலியாக நீளும் என்ற விளக்கம் பின்னால்தான் வந்தது. சில அமின்களில் கந்தகத்தைக் கரைத்தாலே போதும், அறை வெப்பத்திலேயே வளையம் திறந்துகொள்ளும்.

ஓன்ஸ்லேகர் எதற்காகத் தேடினார் என்பதைத்தான் இங்கே கவனிக்க வேண்டும். பிரேசிலின் அமேசான் காடுகளிலிருந்து வந்த உயர்தரப் பாரா ரப்பர் விலை ஏறிக்கொண்டிருந்தது. மற்ற இடங்களிலிருந்து வந்த காட்டு ரப்பர் மலிவு. ஆனால் கந்தகத்தோடு மெதுவாக வேகும், பலமும் போதாது. மலிவானதைப் பாராவின் தரத்துக்கு உயர்த்துவதே அவருக்கு இடப்பட்ட வேலை. அதாவது, முடுக்கி சேர்க்காமலே நன்றாக வெந்த ஒரு ரப்பர் உலகில் இருந்தது. மற்றவற்றில் ஏதோ குறைந்தது. அந்தக் குறையை ஈடுகட்ட வெளியிலிருந்து ஒரு பொருள் தேவைப்பட்டது. பாராவில் இருந்தது என்ன, மற்றவற்றில் இல்லாமல் போனது என்ன என்ற கேள்வி அப்போதே எழுந்திருக்க வேண்டும். அதை நேராகக் கேட்டு விடை தேடிய இடம் ஆக்ரன் அல்ல, மலாயா.

அமேசானில் பால் எடுத்தவர்கள் புகைகிற நெருப்பின்மேல் ஒரு கோலைச் சுழற்றி, பாலை அதன்மேல் ஊற்றி ஊற்றி, ஒவ்வோர் அடுக்காகக் காயவைத்து உருண்டையாக்கினார்கள். பாலில் இருந்த தண்ணீர்தான் போனது. தண்ணீரில் கரைந்திருந்த மற்றவை ரப்பருக்குள்ளேயே தங்கின. மலாயாவின் தோட்ட முறை வேறு. காலையில் மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து ஸ்டோருக்குக் கொண்டுவருவார்கள். அங்கே வலையில் வடித்து, தண்ணீர் விட்டு, தொட்டியில் ஊற்றி, ஆசிட் கலப்பார்கள். முதலில் அசிட்டிக் ஆசிட், பிறகு பெரும்பாலும் பார்மிக் ஆசிட். தகடுகளால் தடுத்த தொட்டியில் பால் வெள்ளைப் பாளமாக உறையும்; சுற்றிலும் தெளிந்த நீர் நிற்கும். பாளத்தை உருளையில் கொடுத்து, மெல்லிய ஷீட்டாக்கி, கழுவி, புகைக்கூடத்தில் பல நாள் தொங்கவிடுவார்கள். கிரேப் என்றால் இன்னும் அதிகக் கழுவல். மரத்திலிருந்து வடியும் பாலில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ரப்பர். ஒன்றிரண்டு விழுக்காடு புரதம். கொஞ்சம் கொழுப்பு, சர்க்கரை, உப்பு. பாளத்தைச் சுற்றி நின்று வாய்க்காலில் ஓடிய அந்தத் தெளிநீரில் இவற்றில் ஒரு பங்கும் சேர்ந்தே ஓடியது. வெளுத்த, சுத்தமான, கண்ணுக்கு அழகான ஷீட்டு வேண்டுமென்று கேட்ட சந்தைக்குத் தோட்டம் அதைத்தான் கொடுத்தது. ஆனால் ஒரு தோட்டத்து ஷீட்டு விரைவில் வெந்தால், இன்னொன்று அதைவிட நெடுநேரம் பிடிக்கிறது, ஒரே தோட்டத்துச் சரக்கே மாதத்துக்கு மாதம் மாறுகிறது என்று 1910களில் தொழிற்சாலைகள் முறையிட்டன.

இந்த முறையீட்டை எடுத்துக்கொண்டவர் கோலாலம்பூரில் மலாய்க் கூட்டு மாநிலங்களின் வேளாண்மைத் துறை வேதியியலாளர் பி. ஜே. ஈட்டன். கிரந்தாம், டே ஆகியோருடன் சேர்ந்து அவர் செய்த ஆய்வுகள் 1915 முதல் வெளிவந்தன. 1918இல் தோட்டப் பாரா ரப்பரின் தயாரிப்பும் வல்கனைசேஷனும் பற்றிய துறை அறிக்கையாகத் திரண்டன. அவர்கள் கண்ட முக்கியமான விஷயம் எளிமையானது. உறைந்த பாளத்தை உடனே உருட்டிக் கழுவிக் காயவைத்தால் ரப்பர் மெதுவாக வேகும். அதே பாளத்தைக் கனமான கட்டியாகச் சில நாள் ஈரத்தோடு விட்டுவைத்து, பிறகு உருட்டினால் மிக விரைவில் வேகும். மரம் ஒன்று, ஆசிட் ஒன்று. மாறியது காத்திருந்த நாள் மட்டும். அந்த நாட்களில் ஈரக் கட்டிக்குள் நுண்ணுயிர்கள் புரதத்தைச் சிதைத்தன. சிதைவில் அமின் வகைக் கரிமக் காரங்கள் பிறந்தன. அவையே கந்தகத்தின் வேலையை முடுக்கின என்று ஈட்டன் முடிவுகட்டினார். ஆக்ரன் தொழிற்சாலை கதவை மூடிக்கொண்டு அனிலினைக் கலந்துகொண்டிருந்த அதே காலத்தில், அனிலின் செய்த வேலையைச் செய்யும் காரங்கள் மலாயாவின் தொட்டிகளில் தாமாகவே உண்டாகிக்கொண்டிருந்தன.

தோட்டத்தில் இருந்தவர்களுக்கு இதன் நாற்றம் நன்றாகத் தெரியும். மங்கிலேயே உறைந்து மறுநாள் பிடுங்கப்படும் கட்டிப்பால், பட்டையில் காய்ந்து இழையாக உரிக்கப்படும் ஒட்டுப்பால், சாக்கில் அடைத்து மூலையில் போட்ட குவியல் ஆகியவை கிளப்பும் நாற்றத்தில் ஆவியாகும் கொழுப்பமிலங்களும் உண்டு, புரதம் சிதைந்த நைட்ரஜன் சேர்மங்களும் உண்டு. பால் வெட்டியவர்கள் அதை மட்டச் சரக்கின் அடையாளமாகக் கண்டார்கள். கிராணியும் குறைந்த விலைதான் போட்டார். சுத்தம் என்ற அளவில் அது சரி. ஆனால் வேகும் வேகம் என்ற அளவில் அந்த மட்டச் சரக்குக்குள் வினையூக்கி ஏறிக்கொண்டிருந்தது. வெளுப்பையும் சுத்தத்தையும் பார்த்து விலை வைத்த சந்தை, ரப்பருக்குள்ளிருந்த வேதியியலைப் பார்க்கவில்லை. இன்று கெடாவின் சிறுதோட்டக்காரர்கள் விற்பதில் பெரும்பகுதி கட்டிப்பால்தான் என்பதையும், ஆலைகள் அதைத்தான் கட்டி ரப்பராக மாற்றி டயர் கம்பெனிகளுக்கு அனுப்புகின்றன என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஜெர்மனியிலிருந்து வந்த சான்று இந்த வாதத்தை இன்னும் உறுதியாக்குகிறது. பேயர் கம்பெனியில் ஃபிரிட்ஸ் ஹோஃப்மன் 1909இல் செயற்கை ரப்பரை உண்டாக்கினார். அது மரத்திலிருந்து வரவில்லை. அதனால் அதில் புரதமும் இல்லை, புரதம் சிதைந்து வரும் காரமும் இல்லை. கந்தகத்தோடு அது சரியாக வேகவில்லை, காற்றிலும் விரைவில் கெட்டது. ஹோஃப்மனும் குர்ட் காட்லாபும் இல்லாததை வெளியிலிருந்து சேர்த்தார்கள்: பைப்பரிடின் போன்ற அமின்கள். 1912 முதல் காப்புரிமைகள் வந்தன. அவற்றில் ஒரு வரையறை இருந்தது: காரத்தின் பிரிகை மாறிலி ஒரு குறிப்பிட்ட அளவுக்கு, பத்துக் கோடியில் ஒன்றுக்கு, மேல் இருக்க வேண்டும். கையில் கிடைத்ததைக் கலந்து பார்த்த காலம் போய், எந்தப் பண்பு எந்த அளவில் இருந்தால் ஒரு மூலக்கூறு இந்த வேலைக்கு உதவும் என்று எண்ணால் சொன்ன ஆரம்பகால முயற்சி இது. வினையூக்கியை வடிவமைப்பது என்று இன்று சொல்வதன் தொடக்கம் இங்கேதான். அந்த வடிவமைப்புக்கான தேவை பிறந்ததோ, மரத்தின் பாலில் இருந்த ஒன்று செயற்கை ரப்பரில் இல்லாமல் போனதால்.

மறுப்புகளுக்கு வருவோம். முதல் மறுப்பு காலத்தைப் பற்றியது. ஓன்ஸ்லேகர் 1906, ஈட்டன் 1915. பின்னால் வந்தவர் முன்னவருக்கு எப்படி வழிகாட்டியிருக்க முடியும்? வழிகாட்டவில்லை, அப்படி இங்கே சொல்லவும் இல்லை. ஓன்ஸ்லேகர் கனிமக் காரத்திலிருந்து கரிமக் காரத்துக்குத் தாவியது அவருடைய சொந்த ஊகம். ஆனால் ஒரு கண்டுபிடிப்பு எப்போது நடந்தது என்பதும், அது ஏன் பலித்தது என்பதும் வெவ்வேறு கேள்விகள். அனிலின் பலித்ததற்கான காரணத்தை, பால் உறையும் முறையை மாற்றி மாற்றிப் பார்த்த மலாயா ஆய்வு விளக்கியது. தயாரிப்பாளர் வெளியிலிருந்து சேர்ப்பதும் மரம் உள்ளிருந்து கொடுப்பதும் ஒரே வகைப் பொருள் என்று தெரிந்தபின்தான், எவ்வளவு சேர்ப்பது என்பதற்கு ரப்பரின் பிறப்பிடமும் ஒரு கணக்கானது.

இரண்டாவது மறுப்பு வேதியியலாளர்களுடையது, கனமானது. வினையூக்கி என்பது வேலை முடிந்ததும் தான் செலவாகாமல் மீள வேண்டும். ரப்பர் முடுக்கிகளோ வினையில் செலவாகின்றன, ஒரு பங்கு ரப்பரோடேயே ஒட்டிக்கொள்கிறது. அதனால் இவற்றை வினையூக்கி என்பது தவறு என்பார்கள். கறாரான இலக்கணப்படி அவர்கள் சொல்வது சரி. ஆனால் பாதையைத் திறப்பது, வேகத்தைக் கூட்டுவது, 100 பங்கு ரப்பருக்கு அரைப் பங்கு அளவே போதுமாக இருப்பது, சேர்க்காவிட்டால் மணிக்கணக்கில் நடப்பதைச் சில நிமிடங்களில் முடிப்பது ஆகிய எல்லாவற்றிலும் இவை வினையூக்கிகளின் வேலையைத்தான் செய்கின்றன. கந்தக வளையத்தைத் திறக்கும் கட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், விடுபடும் அமின் அடுத்த வளையத்தைத் தாக்கவும் முடியும். வரலாற்றுக்கு இந்த அளவு போதும். 1920களின் வேதியியலாளர்கள் பலரும் இவற்றை அப்படித்தான் புரிந்துகொண்டார்கள்.

மூன்றாவது மறுப்புதான் கூர்மையானது. 1921இல் மெர்காப்டோபென்சோதியசோல் வந்தது. அமெரிக்காவில் செப்ரெல், பெட்போர்டு இருவரும், இத்தாலியில் புரூனி, ரொமானி இருவரும் தனித்தனியே அதை அடைந்தார்கள். உலகின் ரப்பர் தொழிலையே மாற்றிய முடுக்கி அது. ஆனால் அது காரமே அல்ல, மென்மையான அமிலம். அப்படியானால் காரம் பற்றிய கதை அங்கேயே முடிந்துவிடவில்லையா? முடியவில்லை. அந்த மூலக்கூறு தனியாக வேலை செய்வதில்லை. துத்தநாக ஆக்ஸைடோடும் ஸ்டியரிக் அமிலத்தோடும் சேர்ந்து துத்தநாகச் சேர்மமாகித்தான் கந்தகத்தை எடுத்துச் செல்கிறது. அந்தத் துத்தநாகத்தோடு ஓர் அமின் வந்து ஒட்டினால் அதன் வேகம் இன்னும் கூடும். 1920களில் பரவிய டைபீனைல் குவானிடின் என்ற வலிய கரிமக் காரத்தை இன்றுவரை இரண்டாவது முடுக்கியாகச் சேர்ப்பது இதனால்தான். 1930களில் வந்த சல்பீனமைடுகள் இன்னும் நுட்பமானவை: மெர்காப்டோபென்சோதியசோல் பகுதியையும் அமினையும் ஒரே மூலக்கூறில் கட்டிவைத்து, சூடு போதுமான அளவுக்கு ஏறியபின் பிரிந்து இரண்டையும் விடுவிப்பவை. டயரை அச்சில் வார்த்து முடிக்கும்வரை வேகாமல் இருந்து, பிறகு ஒரே மூச்சில் வேக வேண்டும் என்ற தேவைக்கான வடிவமைப்பு அது. காரம் கதையை விட்டு வெளியேறவில்லை. எப்போது வெளிவர வேண்டும் என்று கட்டுப்படுத்தப்பட்டது.

முடுக்கி வந்தபின்னும் மரத்தின் பங்கு மறையவில்லை என்பதற்குத் தோட்டத்துப் பக்கத்திலிருந்தே சான்று உண்டு. பச்சை ரப்பரின் வேகத்தைச் சோதிக்க அமெரிக்க வேதியியல் சங்கத்தின் பெயரில் ஏற்பட்ட கலவையில் 100 பங்கு ரப்பருக்கு 6 துத்தநாக ஆக்ஸைடு, 3.5 கந்தகம், 0.5 ஸ்டியரிக் அமிலம், 0.5 மெர்காப்டோபென்சோதியசோல். எல்லாத் தோட்டத்து ரப்பருக்கும் ஒரே கலவை, ஒரே சூடு. முடுக்கி வந்தபின் மரத்தின் பங்கு ஒன்றுமில்லை என்பது உண்மையானால் எல்லா ரப்பரும் ஒரே நேரத்தில் வெந்திருக்க வேண்டும். வேகவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப்பின் தொழில்நுட்பத் தரம் பிரித்த ரப்பர் என்ற திட்டம் வந்தபோது, பேல்களில் வண்ண வட்டம் குத்த வேண்டியிருந்தது: சிவப்பு மெதுவாக வேகுவது, மஞ்சள் நடுத்தரம், நீலம் விரைவாக வேகுவது. வட்டத்தின் நிறத்தை முடிவுசெய்ததில் எந்தக் குளோன் மரம், பாலில் எவ்வளவு தண்ணீர், எந்த ஆசிட் எவ்வளவு, உறைந்தபின் எத்தனை மணி நேரம், எவ்வளவு கழுவல் ஆகியவை எல்லாம் அடங்கும். பின்னாளில் புரதத்தை வேண்டுமென்றே நீக்கிய ரப்பர் தயாரிக்கப்பட்டபோது, அது வழக்கமான கலவையில் மந்தமாக வெந்தது; கலவையைத் திருத்த வேண்டியிருந்தது. இருந்ததை எடுத்துவிட்டால் வேகம் குறைகிறது என்பதைவிடத் தெளிவான சோதனை இருக்க முடியாது.

நான்காவது மறுப்பு நம் பக்கத்திலிருந்தே வரும். தொட்டியில் ஆசிட் கலந்தவருக்கு அமின் என்றால் என்னவென்று தெரியுமா? தெரியாத ஒருவரை வேதியியல் வரலாற்றில் சேர்ப்பது வெறும் பெருமை தேடுவதாகாதா? பெருமை தேடினால் அது தவறுதான். கங்காணியின் பேச்சைக் கேட்டுக் கப்பலேறியவர்கள் தங்கள் கூலி எவ்வளவு என்பதைக்கூட முடிவுசெய்ய முடியாத நிலையில் இருந்தார்கள். வேதியியலை அவர்கள் முடிவுசெய்தார்கள் என்று சொல்வது பொய். ஆனால் இங்கே சொல்வது அதுவல்ல. பால் எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு தண்ணீர் கலந்தது, ஆசிட் அளவு சரியாக இருந்ததா என்ற கேள்விகளில் அவர்களுடைய கை வேலைதான் பொருளின் வேதியியல் குணத்தை நிர்ணயித்தது. ஆசிட் அதிகமானால் ரப்பரில் தங்கும் அமிலம் இயற்கைக் காரத்தைக் கட்டிப்போட்டு வேகத்தைக் குறைக்கும். இதைத் தெரிந்துகொண்டுதான் 1925இல் தொடங்கிய மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் ஆசிட் அளவையும் பாலில் தண்ணீர் கலக்கும் அளவையும் தோட்டங்களுக்கு வரையறுத்துச் சொன்னது. ஆய்வுக்கூடம் கற்ற பாடம் அளவுக்கோப்பையாக ஸ்டோருக்குத் திரும்பியது. அறிவு ஒரு பக்கமும் உழைப்பு ஒரு பக்கமுமாக அது பிரிந்து நின்றது என்பது உண்மை. இரண்டும் ஒரே தொட்டியில் சந்தித்தன என்பதும் உண்மை.

இந்தக் கதை கந்தக வளையத்தோடு நிற்கவில்லை. 1980களில் இங்கிலாந்தின் ஹெர்ட்பர்டு அருகே பிரிக்கண்டன்பரியில் இருந்த மலேசிய ரப்பர் உற்பத்தியாளர் ஆராய்ச்சிச் சங்கத்தில் இயன் கெல்லிங்கும் கூட்டாளிகளும் இயற்கை ரப்பரின் இரட்டைப் பிணைப்புகளில் ஒரு பங்கை ஆக்ஸிஜன் வளையங்களாக மாற்றும் முறையைச் சீர்செய்தார்கள். இரண்டு கார்பன், ஓர் ஆக்ஸிஜன் என மூன்று அணு வளையம், எபாக்சைடு. நூற்றுக்கு 25, 50 என்ற விகிதத்தில் மாற்றிய ரப்பருக்கு எண்ணெய் தாங்கும் குணமும், காற்றைக் கசியவிடாத குணமும், ஈரச் சாலையைப் பிடிக்கும் குணமும் வந்தன. மலேசிய ரப்பர் வாரியம் இதையே எக்கோபிரீனா என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. வளையத்தை உண்டாக்கும் வழிகளில் ஒன்று, பாலோடு ஹைட்ரஜன் பெராக்சைடையும் பார்மிக் ஆசிடையும் சேர்ப்பது. தோட்டத்து ஸ்டோரில் பாலை உறையவைத்த அதே ஆசிட், இங்கே பால் உறையாதபடி நிலைப்படுத்திய பின் வேறு வேலைக்கு வந்தது.

இங்கே கேள்வி தலைகீழானது. எட்டு அணுக் கந்தக வளையம் திறக்க மறுத்தது. அதை எப்படித் திறப்பது என்பது சிக்கல். மூன்று அணு வளையமோ இறுக்கமாக வளைந்தது, திறக்கக் காத்திருப்பது. அதை எப்படித் திறக்காமல் காப்பது என்பது முதல் சிக்கல். அமிலமும் சூடும் சற்றே மிஞ்சினால் வளையங்கள் திறந்து, பக்கத்து வளையங்களோடு சேர்ந்து ஐந்து அணு வளையங்களாகிவிடும், ரப்பர் விறைக்கும். கந்தகத்தில் வேகவைத்த பின்னும் ஆபத்து உண்டு: நாள்பட்டால் கந்தகத்திலிருந்து உண்டாகும் அமிலங்கள் வளையங்களைத் திறந்துவிடும். அதைத் தடுக்கக் கால்சியம் ஸ்டியரேட் போன்ற காரத்தன்மையுள்ள பொருளைச் சேர்க்கிறார்கள். கந்தக வளையத்தைத் திறக்கக் காரம். ஆக்ஸிஜன் வளையத்தைத் திறக்கவிடாமல் காக்கவும் காரம்.

வேண்டிய நேரத்தில் அந்த ஆக்ஸிஜன் வளையத்தை ஒழுங்காகத் திறப்பது அடுத்த சிக்கல். பாரிஸில் லுத்விக் லைப்லரின் குழுவினர் 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் கந்தகமே இல்லாமல் இந்த ரப்பரைப் பிணைத்தார்கள். இரு முனையிலும் அமிலத்தொகுதி கொண்ட நீண்ட கரிம அமிலம் ஒன்று, ஒவ்வொரு முனையாலும் ஒரு வளையத்தைத் திறந்து இரண்டு ரப்பர் இழைகளைப் பாலமாகச் சேர்க்கிறது. தனியாக விட்டால் 180 டிகிரியிலும் அது மணிக்கணக்கில் இழுக்கும். இமிடசோல் வகைக் கரிமக் காரம் ஒன்றைச் சேர்த்ததும் நேரம் நிமிடக் கணக்குக்கு வந்தது: காரம் அமிலத்தின் புரோட்டானைப் பிடித்துக்கொள்ள, கூர்மையான எதிர்மின் முனை கிடைத்து அது வளையத்தைத் தாக்குகிறது. உலோகமும் இல்லை, கந்தகமும் இல்லை. கந்தகம் சாராத இத்தகைய முறைகளுக்குத் தனி மதிப்பு உண்டு. பழைய முடுக்கிகளில் சில சூட்டில் நைட்ரோசமின்களை விடுகின்றன, கையுறைகளில் தோல் ஒவ்வாமைக்கும் காரணமாகின்றன என்ற புகார் கடந்த சில பத்தாண்டுகளாக வலுத்துவருகிறது. வளையத்தைத் திறக்கும் காரம் எவ்வளவு வலியது என்று மட்டும் பார்த்த பழைய பேயர் காப்புரிமை வரையறைக்குப் பதில், வேலை முடிந்தபின் அது எங்கே போகும், யார் தோலைத் தொடும் என்றும் இன்றைய வடிவமைப்பு கேட்கிறது.

இத்தனையும் வைத்துப் பார்த்தால், தோட்டத்தை வெறும் மூலப்பொருள் கிடங்காக எண்ணும் வழக்கம் நிற்காது. மூலப்பொருள் எப்போதும் ஒரே மாதிரி இருந்திருந்தால் அப்படி எண்ணலாம். அது மாறிக்கொண்டே இருந்தது. அந்த மாற்றம்தான் தொழிற்சாலைகளைத் தேட வைத்தது, ஈட்டனைச் சோதிக்க வைத்தது, கழகத்தை அளவு வகுக்க வைத்தது, பேலில் வண்ண வட்டம் குத்த வைத்தது. செயற்கை முடுக்கிகளின் பெரிய சாதனை, இயற்கையின் இந்த மாற்றங்களைப் பெருமளவுக்குச் சமாளித்து வேலை செய்ய முடிந்ததுதான். அந்தச் சாதனையின் அளவை, எந்த மாற்றத்தை அது வென்றது என்று தெரியாமல் கணக்கிட முடியாது. பண்டார் பாருவின் மலைச்சரிவுகளில் இன்று பால்மரத்தைவிடச் செம்பனைதான் அதிகம். ஸ்டோர்கள் பல இடிந்துவிட்டன. ஆனால் தோட்டக் கணக்கேடுகளில் பாலுக்கு விட்ட தண்ணீர், கலந்த ஆசிட், உறைந்த நேரம் ஆகிய பத்திகள் எங்கேனும் மிஞ்சியிருந்தால் அவை கூலிக் கணக்குப் பக்கங்களைப் போலவே வேதியியல் வரலாற்றுக்கும் ஆவணங்கள். அவற்றைத் தேடிச் சேர்ப்பது பள்ளிகளும் நூலகங்களும் இப்போதே செய்ய வேண்டிய வேலை. வண்ண வட்டத் திட்டம் ஏன் நீடிக்கவில்லை, 1965இல் வந்த தரநிர்ணய மலேசிய ரப்பர் கண்ணால் பார்க்கும் தரத்தை எப்படி ஓரங்கட்டியது, அதில் சிறுதோட்டக்காரர்களின் கட்டிப்பாலுக்கு எப்படி இடம் கிடைத்தது என்பதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.